காளைக்கன்றை என்ன செய்வது?

பிரிஞ்சாங்கில் சமதரை அரிது. மலேசியாவின் கேமரன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. மேலே 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலை, அந்தப் பக்கத்துச் சரிவில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம், மற்ற சரிவுகளில் காய்கறிப் பாத்திகளும் பிளாஸ்டிக் கூரைகளும். மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்க்க இந்த மண் இடம் தராது. குளம்பு பட்டு இளகும் சரிவை அடுத்த மழையே ஆற்றில் சேர்த்துவிடும்.

ஆகவே இங்கே இறைச்சிக்கென நாலு மாடு வளர்க்க நினைப்பவர் கொட்டகையில்தான் தொடங்க வேண்டும். நேப்பியர் புல்லை வெட்டிப் போட்டு வளர்க்க வேண்டும். மாடு ஒரு நாளில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பசும்புல் தின்னும் என்பது பொதுக்கணக்கு. 250 கிலோ மாட்டுக்கு 25 கிலோ. இனம் என்று பார்த்தால், மலேசியாவின் சொந்த இனமான கெடா-கிளந்தான் சிறு வளர்ப்பாளருக்கு ஏற்றது. சிறிய உடம்பு, சுமாரான தீவனத்திலும் தாக்குப்பிடிக்கும், தவறாமல் சினை பிடிக்கும். சாணத்துக்குக் காய்கறித் தோட்டங்களில் எப்போதும் தேவை உண்டு.

இவ்வளவையும் கால்நடைத் துறையில் கேட்டே தெரிந்துகொள்ளலாம். அங்கே விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தெண்டாயுதபாணி கோயிலில் விபூதி பூசிக்கொண்டு வெளியே வரும் ஒரு தமிழர், தன் கையால் வளர்த்த மாட்டை வெட்டுக்கு விற்கலாமா?

மலாயாத் தோட்டங்களில் மாடு தமிழருக்குப் புதிதல்ல. ரப்பர் தோட்டத்து லயங்களுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது. பால் வீட்டுக்கும் விற்பனைக்கும் போயிற்று, சாணம் வாசலுக்கு வந்தது, மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் ஏறியது. கூலி போதாத குடும்பத்துக்கு மாடுதான் சேமிப்பு. கல்யாணம், பள்ளிச் செலவு என்று வந்தால் ஒன்றை விற்பார்கள். வாங்கியவர் அதைப் பூசைக்கு வாங்கவில்லை என்பது விற்றவருக்குத் தெரியும். பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

பால் மாடு புண்ணியம், இறைச்சி மாடு பாவம் என்று கோடு கிழிப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கன்று ஈனாமல் பசு பால் தராது. ஈனும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளை. ஏர் போய் டிராக்டரும் வண்டி போய் லாரியும் வந்துவிட்ட காலத்தில் அந்தக் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. பால் வற்றிய பசுவுக்கோ இன்னும் பல ஆண்டு ஆயுள் இருக்கிறது. இரண்டும் தரகர் கைக்கு மாறி அடிமாடாகின்றன. காலையில் காப்பி குடிப்பவரும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். காந்தி இதை உணர்ந்தவர். பால் கறக்க மாடுகளைக் கொடுமைப்படுத்தும் முறையை அறிந்து 1912-இல் பாலையே விட்டார். பின்னர் கடும் நோயில் ஆட்டுப்பாலுக்கு இணங்கியபோது, தன் விரதத்தின் உயிர் போய்விட்டதாக வருந்தினார்.

நூல்கள் ஒரே குரலில் பேசவில்லை. பௌத்தம் இல்லறத்தார் செய்யக்கூடாத வணிகங்களென ஐந்தைச் சொல்கிறது. ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு. அதன்படி வெட்டுக்கென மாடு வளர்ப்பவர் தப்ப முடியாது. மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை இரவில் மீட்டுக்கொண்டு போகிறான், ஊர் அவனைத் துரத்துகிறது. வள்ளுவரோ புலால் மறுத்தலில் வாங்குபவரை நோக்கித் திரும்புகிறார். தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால் விலைக்கு இறைச்சி தருபவரே இருக்கமாட்டார் என்பது அவர் வாதம். மகாபாரதத்தின் வனபருவத்தில் மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதர், கௌசிகன் என்ற அந்தணனுக்கே அறம் சொல்லிக்கொடுக்கிறார். தான் கொல்வதில்லை, தின்பதில்லை என்கிறார், ஆனாலும் தன் தொழில் கொடியது என்பதை ஒளிக்கவில்லை. உழவிலும் கணக்கற்ற உயிர்கள் மடிகின்றன என்று நினைவூட்டுகிறார். பூச்சிமருந்து தெளித்து முட்டைக்கோசு விளைவிக்கும் கேமரன் மலைக்கு அந்த வாதம் நன்றாகவே பொருந்தும்.

இவர்களில் யாரும் 'எனக்குத் தெரியாது' என்ற விடையை ஏற்கவில்லை என்பதுதான் முக்கியம். பாவம் கத்தி பிடித்தவனோடு முடிகிறது என்று நம்பி மாட்டைத் தரகரிடம் தள்ளிவிடுவது தர்மவியாதரின் நேர்மைக்கு நேர் எதிரானது. கொல்லாமையைக் கைக்கொண்டவருக்கு இந்தத் தொழில் ஆகாது, அவர் தொடங்கவே வேண்டாம். தொடங்குகிறவர் கடைசி நாள் வரைக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

பொறுப்பேற்பது என்றால் என்ன என்பதற்கு மலேசியாவிலேயே வழி இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு மாடு வாங்குவோர், இரண்டு வயது நிறைந்த, நோயும் ஊனமும் இல்லாத மாட்டைத் தேடுகிறார்கள். ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம், இறைச்சியில் ஏழைகளுக்கும் பங்குண்டு. கொட்டகைக்கே வந்து பார்த்து வாங்குபவரிடம் வளர்த்தவர் நேருக்கு நேர் பேசலாம். எந்த லாரி, எத்தனை மணி நேரப் பயணம், வழியில் தண்ணீர் உண்டா, அறுப்பவர் கைதேர்ந்தவரா, மற்ற மாடுகளின் கண்ணெதிரே அறுப்பார்களா? இவற்றில் பல, இஸ்லாமிய அறுப்பு முறையே வலியுறுத்துபவை. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் உண்டு. கொடுமை செய்தவருக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ அது விதிக்கிறது.

பிரிஞ்சாங்கில் முதல் கிடாரியை வாங்கப் போகிறவர், அது சினையாகி ஒன்பதரை மாதத்தில் ஈனப்போகும் கன்று காளையானால் யாரிடம் போகும் என்பதை வாங்கும் முன்பே வீட்டாரோடு உட்கார்ந்து பேசட்டும். வயதான பசுவைச் சாகும்வரை வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால், அதற்கான புல்லுக்கும் மருந்துக்கும் ஆகும் செலவை இன்றே விலையில் சேர்க்கட்டும். அந்தத் தொகை கட்டுப்படியாகாது என்று தெரிந்தால், இரண்டு மாட்டுக்குப் பதில் ஒன்றோடு தொடங்கலாம், அல்லது அந்த நிலத்தில் கீரை போடலாம்.