பொறி கற்ற கல்வியும் நாம் பட்ட கடனும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒருவரிடம் பெற்றுத் திருப்பித் தர வேண்டிய பொருளும் கடன். ஒருவர் செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். பெற்றதனால்தான் கடமை பிறக்கிறது என்று நம் முன்னோர் கருதினர் போலும். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கி வைத்தனர். பெற்றோர்க்குப் பிள்ளை ஆற்றுவது கடன்; ஆசிரியர்க்கு மாணவன் ஆற்றுவதும் கடன். மாந்தன் கற்றால் அவன் கடன்படுகிறான். பொறி கற்றால் கடன்படுபவர் யார்? இக்கட்டுரை ஆராயப் புகும் வினா இதுவே.

இவ்வினாவை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவர் என் பழைய மாணவர் ஒருவர். கணினியியல் பயின்றவர். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து தொடக்க நிறுவனம் ஒன்றை அமைக்க முனைந்திருப்பதாகவும், எழுதிக் கொடுக்கும் கதையை அசைவூட்டப் படமாக மாற்றித் தருவதே அதன் தொழில் என்றும் கூறினார். செய்தும் காட்டினார். மழை நின்ற மாலையில் ஒரு சிறுமி காகிதக் கப்பல் விடுகிறாள் என ஒரு வரியைத் தட்டினார். சில நிமிடங்களில் கப்பல் அசைந்தது, நீர் சுழித்தது, சிறுமி சிரித்தாள். நான் வியந்தேன். வியப்பு அடங்கிய பின், "இதற்கு வரையக் கற்பித்தவர் யார், தம்பி?" என்று கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை.

இம்முயற்சியின் பயனை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இருமுறை காட்டிச் சிக்கனம் செய்தாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். பத்து நிமிடக் கதைக்கு 7,200 ஓவியங்கள் ஆகின்றன. இத்தனை உழைப்புக்கு ஊதியம் கொடுத்து நம் குழந்தைகளுக்குத் தமிழில் படம் எடுக்க முன்வருவோர் எத்தனை பேர்? மலேசியாவின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளிலும், சிங்கப்பூரின் தமிழ் வகுப்புகளிலும், இத்தகைய படங்கள் ஆசிரியர்க்குப் பெரிதும் துணையாகும். ஒரு நாட்டுப்புறக் கதையை ஒரு மாலைப்பொழுதில் அசையும் படமாக்க இயலுமாயின் அதை வேண்டாவென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எனினும், அப்பொறி எவ்வாறு கற்றது என்பதையும் அறிதல் வேண்டும். வாசலில் இட்ட கோலத்தின்மேல் சிறிது சிறிதாக மணலைத் தூவி மறைப்பதாகக் கொள்வோம். மறைந்த கோலத்தை மணலிலிருந்து மீட்டெடுக்க ஒருவனைப் பழக்குவதாகவும் கொள்வோம். கோடிக்கணக்கான கோலங்களில் இவ்வாறு பழகியவன், நாளடைவில் வெறும் மணலைக் கொடுத்தாலும், "தாமரைக் கோலம்" என்று சொன்ன மாத்திரத்தில் ஒன்றை வெளிக்கொணர்வான். இன்றைய ஓவியப் பொறிகள் பலவும் ஏறத்தாழ இம்முறையில்தான் பயில்கின்றன. 2022இல் வெளியான லாயன் என்னும் தரவுத் தொகுப்பு ஒன்றில் மட்டும், இணையத்திலுள்ள 585 கோடி படங்களின் முகவரிகளும் அவற்றுக்குரிய விளக்கச் சொற்களும் இடம்பெற்றிருந்தன. அப்படங்களை வரைந்தோரையும் எடுத்தோரையும் தேடிச் சென்று இசைவு கேட்டவர் எவருமிலர்.

இங்கே ஏகலைவன் நினைவுக்கு வருகிறான். துரோணர் அவனை மாணவனாக ஏற்கவில்லை. அவனோ அவருடைய உருவத்தை மண்ணால் செய்து வைத்து, அதன் முன்னிலையில் வில் பயின்றான். ஆசிரியரின் இசைவின்றிக் கற்ற அக்கல்விக்கு அவன் வலக்கைக் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கொடுத்தான். இன்றைய பொறியும் ஆசிரியரின் இசைவின்றி, உருவத்தைக் கொண்டே கற்றது. ஆனால், காணிக்கை திசைமாறிவிட்டது. அன்று விரலை இழந்தவன் மாணவன். இன்று விரலை இழக்கும் நிலையில் நிற்பவர் ஆசிரியர். தூரிகை பிடித்து வாழ்ந்த கை, தன்னிடம் கற்ற பொறியாலேயே வேலையிழக்கும் நாளை அஞ்சி நிற்கிறது. துரோணர் கேட்டது கொடுமை என்று நாம் பன்முறை பேசியிருக்கிறோம். ஆகவே, பொறியின் கட்டைவிரலை வெட்டுக என்பதன்று என் கருத்து. கல்வியைத் தடுப்பது ஒருபோதும் அறமாகாது. கற்ற பின் கற்பித்தவரை மறப்பது அறமாகுமா என்பதே கேள்வி.

பெயரறியாக் கைகளை மறப்பது புதிய பழக்கமுமன்று. வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீள அசைவூட்டப் படமான 'ஸ்னோ ஒயிட்' 1937இல் வெளிவந்தது. கரிக்கோலால் வரையப்பட்ட ஓவியங்களைச் செல்லுலாய்டுத் தகட்டில் மையால் படியெடுத்து வண்ணம் தீட்டியோர் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களுடைய பெயர்கள் திரையில் காட்டப்படவில்லை. 1941இல் அந்நிறுவனத்தின் ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியக் குறையோடு பெயர் காட்டப்படாக் குறையும் அவர்கள் மனத்தை வருத்தியது. அதே நிறுவனம் 2025ஆம் ஆண்டு சூன் திங்களில், தன் ஓவியங்களைக் கேளாமல் பயன்படுத்தியதாகக் கூறி, யுனிவர்சல் நிறுவனத்தோடு சேர்ந்து மிட்ஜர்னி என்னும் ஓவியப் பொறி நிறுவனத்தின்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. தனக்கு நேரும்போதுதான் இழப்பின் வலி தெரிகிறது!

என் மாணவர் மூன்று விடைகளைச் சொன்னார். அவற்றை நேர்மையாக எடைபோட வேண்டும்.

"மனிதரும் பிறர் ஓவியங்களைப் பார்த்துத்தானே கற்கின்றனர், ஐயா?" என்றார் முதலில். உண்மையே. ஆயினும், ஓவியம் பயிலும் இளைஞன் ஆண்டுக்கணக்கில் கைநோக உழைக்கிறான். கற்றதைத் தன் வாழ்வோடு குழைத்துப் புதிதாக்குகிறான். நாளை தானும் ஆசிரியனாகி அடுத்தவனுக்குக் கற்பிக்கிறான். கடன் இவ்வாறு தலைமுறை தலைமுறையாக அடைபட்டு வருகிறது. பொறி கற்ற கல்வியின் வருவாயோ அதன் உரிமையாளரிடமே சென்று தங்குகிறது. ஊர்க் கிணற்றில் ஒரு குடம் மொள்வதும், குழாய் பூட்டிக் கிணற்றையே இறைத்து விற்பதும் ஒன்றாகா.

"சட்டம் இடம் கொடுக்கிறதே?" என்பது அவர் சொன்ன இரண்டாவது விடை. இதுவும் உண்மை. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முறைப்படி அணுகக் கிடைத்த படைப்புகளைக் கணினிவழிப் பகுப்பாய்வுக்காகப் படியெடுக்க இசைகிறது. வணிக நோக்கம் அதற்குத் தடையன்று. ஒப்பந்தம் எழுதி அதனை விலக்கவும் இயலாது. புதுத்தொழில்கள் தழைக்க வேண்டும் என்னும் நன்னோக்கில் எழுந்த ஏற்பாடு அது. ஆனால், சட்டம் என்பது தண்டனைக்குரிய எல்லையைக் காட்டும் வேலி. நன்றியின் எல்லையை அது காட்டுவதில்லை. முதிய பெற்றோரோடு அமர்ந்து பேசாத மகனை எந்தச் சட்டமும் தண்டிப்பதில்லை. அதனால் அவன் கடன் தீர்ந்தவனாகி விடுவானா? வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்ததும் இதுபற்றியே எனலாம்.

மூன்றாவது விடையே என்னைச் சிந்திக்க வைத்தது. "நாங்கள் பொறியை உருவாக்கவில்லை, ஐயா. பெரு நிறுவனங்கள் பழக்கி வைத்ததை வாடகைக்குப் பெற்றுத்தான் தொழில் செய்யப்போகிறோம். ஒவ்வோர் ஓவியரையும் கேட்டுப் பெறத் தொடங்கினால் எங்கள் நிறுவனம் பிறக்குமுன்பே இறந்துவிடும். கேளாமல் எடுத்தவர்கள் சந்தையை நிறைத்துக்கொள்வார்கள்." அவருடைய குரலில் ஏமாற்று இல்லை. தந்தையின் சேமிப்பையும் தம் இளமையையும் அம்முயற்சியில் வைத்திருப்பவர் அவர். நேர்மையாளன் தோற்று, நேர்மையற்றவன் வெல்லும் களத்தில், நேர்மையாக இரு என்று சொல்வது எளிது. சொல்பவனுக்கு அதில் இழப்பேதும் இல்லை.

அவ்வாறு சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றும் எண்ணிப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். நம் நாட்டு எழுத்தாளர்களின் சிறுகதைகளை நகலெடுத்து வகுப்புதோறும் கொடுத்திருக்கிறேன். சில தாள்களில் ஆசிரியர் பெயர் இருக்கும் ஓரம் நகலில் விழாமல் போயிருக்கும். அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. கல்விக்காகத்தானே என்று அமைதியடைந்தேன். அவ்வெழுத்தாளர்களுள் சிலர் தம் நூல்களைத் தாமே அச்சிட்டு, விற்காத படிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்தனர். "உங்கள் கதையை இன்று நாற்பது பிள்ளைகள் படித்தனர்" என்று ஓர் அஞ்சலட்டை அனுப்பியிருந்தால் அவர்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பர்! பொறியைக் குறை கூற எழுந்த என் விரல் என்னையும் சுட்டியது.

ஆகவே, மாணவரிடம் நான் தடை சொல்லவில்லை, விலக்கும் கொடுக்கவில்லை. கடனை முழுதும் அடைக்க இயலாதவன் செய்யத்தக்கன மூன்று உண்டு என்று மட்டும் கூறினேன். முதலாவது, கேட்க முடிந்த இடத்தில் கேட்பது. கோடிப் பேரைக் கேட்க முடியாது என்பது, அருகிலிருக்கும் பத்துப் பேரையும் கேளாமைக்குக் காரணமாகாது. நீங்கள் படமாக்கப்போகும் கதையை எழுதியவர் இவ்வூரிலேயே இருக்கிறார், அவரைக் கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட ஓவியரின் பாணி வேண்டுமாயின் அவரைத் தேடிச் செல்லுங்கள். இரண்டாவது, பெயர் சொல்வது. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் காட்டுவதோடு, இப்படம் பொறியால் ஆனது என்பதையும் மறையாது காட்டுங்கள். மூன்றாவது, பகிர்வது. வருவாய் வரும் நாளில் கொடுப்போம் என்றிராமல், முதல் வெள்ளி வரும்போதே அதில் ஒரு பங்கை ஓவியர்க்கும் எழுத்தாளர்க்கும் ஒதுக்குங்கள். மனிதக் கையொன்றுக்கு வேலை கொடுங்கள். கணக்கேட்டின் முதல் பக்கத்திலேயே இக்கடன் எழுதப்படட்டும்.

"இதனால் நாங்கள் தோற்றுப்போனால்?" என்று கேட்டார் அவர்.

"தோற்கலாம்" என்றேன். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் தலையசைத்து விடைபெற்றார். என்ன முடிவு செய்தார் என்பதை இதுவரை எனக்குத் தெரிவிக்கவில்லை. அது அவருடைய முடிவு, அவர் எடுக்கட்டும்.

நான் செய்ய வேண்டியது ஒன்று எஞ்சியிருந்தது. பல ஆண்டுகள் என் வகுப்புகளில் நகலாகச் சுற்றிய ஒரு சிறுகதையின் ஆசிரியர்க்கு அன்றிரவே மடல் எழுதினேன். கேளாமல் எடுத்ததையும், பிள்ளைகள் எவ்விடத்தில் சிரித்தனர், எவ்விடத்தில் அமைதியாயினர் என்பதையும் எழுதினேன். காலங்கடந்த மடல்தான். ஆயினும், கடனைக் கடன் என்று ஒப்புக்கொள்வதே அதை அடைக்கும் முதல் தவணை அன்றோ?

பொறி நன்றி அறியாது; அறியுமாறு அதனைப் பழக்கவும் இயலாது. நன்றி அறிய வேண்டியவர் அதை உருவாக்குவோரும் பயன்படுத்துவோரும் ஆகிய நாமே. ஆசிரியராயினும் மாணவராயினும், இனி ஒரு பொறியிடம் படமொன்று கேட்கும்போது, அதன் பின்னே நிற்கும் முகமறியாக் கைகளை ஒரு நொடியேனும் எண்ணுவோமாக. அக்கைகளுக்கு நம்மால் இயன்றதைத் திருப்பித் தருவோமாக.