கண்ணீரும் உடன்பாடும்



போரைப் பழித்துப் பாடிய கவிதைகள் உலக மொழிகள் பலவற்றில் உள்ளன. அவற்றுள் இளம் வீரரின் மரணத்தைப் பாடிய கவிதைகளைப் படிப்போர் கண் கலங்குவது இயல்பே. ஆயின், அக்கலக்கத்தால் படிப்பவர் ஆன்மாவுக்கு விளையும் நன்மை யாது? கருணை பிறந்து நிலைத்ததா, அன்றிக் கணநேர உருக்கத்தோடு எல்லாம் முடிந்ததா? இவ்வினாவை நம் ஆகமநெறி கொண்டு சற்றே ஆராய்வோம்.

ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவனைச் சான்றாகக் கொள்வோம். 1893இல் பிறந்த இவர், முதல் உலகப் போரின்போது 1915இல் படையிற் சேர்ந்தார். 1917இல் பிரான்சுப் போர்முனையில் மனம் நிலைகுலைந்து, எடின்பரோ நகரிலிருந்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே சீக்ஃபிரீட் சசூன் என்னும் கவிஞரின் நட்பு வாய்த்தது. நலம் பெற்று மீண்டும் களம் புகுந்த ஓவன், 1918 நவம்பர் 4ஆம் நாள் கால்வாய் ஒன்றைக் கடக்கும் போரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 25. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது. அன்றுதான் அவர் பெற்றோருக்கு மரணச் செய்தி தாங்கிய தந்தி வந்து சேர்ந்தது.

1917இல் அவர் எழுதத் தொடங்கிய 'டல்ஸே எட் டெகோரம் எஸ்ட்' என்னும் கவிதை மிகப் புகழ் பெற்றது. தாய்நாட்டுக்காக உயிர் விடுதல் இனியது, தக்கது என்று ரோமானியக் கவி ஹோரஸ் பாடியதையே அது தலைப்பாகக் கொண்டது. நச்சுப்புகை சூழ்ந்தபோது முகமூடியை உரிய நேரத்தில் அணிய இயலாத ஒரு வீரனின் துடிப்பைக் காட்டி, ஹோரஸின் புகழுரை பொய்யென்று அக்கவிதை மறுக்கிறது.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்கவிதையின் கைப்படிகளில் அது ஜெஸ்ஸி போப் என்னும் பெண்மணியை நோக்கியதாகக் குறிக்கப்பட்டிருந்தது. இளைஞரைப் படையிற் சேரத் தூண்டும் பாடல்களைச் செய்தித்தாள்களில் எழுதியவர் அவர். பின்னர் அக்குறிப்பு நீக்கப்பட்டது. பெயர் நீங்கியதே தவிர, முன்னிலையில் ஒருவரை விளித்துப் பேசும் பேச்சு நீங்கவில்லை. ஆகவே அப்பெண்மணி நின்ற இடத்தில் இன்று நிற்பவர் யார்? படிக்கும் நாம்தாம்.

இக்கவிதைகளைப் பிறர் எங்ஙனம் ஏற்றனர் என்று பார்ப்போம். 1936இல் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்ட பெருங்கவிஞர் யேட்ஸ், துன்பத்தை வாளா ஏற்பது கவிதைக்குரிய பொருளாகாது என்று கருதி ஓவனை விலக்கினார். 1940இல் குண்டுவீச்சில் அழிந்த காவென்ட்ரி தேவாலயத்துக்கு மாற்றாக எழுந்த புதிய ஆலயத்தின் அர்ப்பணிப்பு விழாவில், 1962இல், பெஞ்சமின் பிரிட்டன் என்னும் இசையறிஞர் ஓவனின் கவிதைகளை இரங்கல் வழிபாட்டுடன் இணைத்து இசைத்தார். ஒருவர் விலக்கினார், ஒருவர் வழிபாட்டில் வைத்தார்.

ஓவனின் அன்னையோ 1920இல் நம் நாட்டுக் கவி ரவீந்திரநாத் தாகூருக்கு மடல் எழுதினார். இறுதியாக விடைபெற்ற நாளில் மகன் சொன்ன சொற்கள் தாகூருடையவை. அவனுடைய குறிப்பேட்டிலும் அவை எழுதப்பட்டிருந்தன. அக்கவிதை முழுவதும் எந்நூலில் உள்ளது என்று அத்தாய் வினவினார். மகனை இழந்தவருக்குக் கவிதை இலக்கிய இன்பம் மட்டுமன்று என்பதை இது உணர்த்துகிறது.

அன்பர்களே! நம் ஆகமங்கள் தியானத்தை நால்வகையாகப் பகுத்துரைக்கின்றன. போர்க்காட்சியைப் படித்து உள்ளூரக் கிளர்ச்சி கொள்வது ரௌத்திர தியானத்தின்பாற்படும்; அதனை ஹிம்ஸானந்தம் என்பர். இறந்தவனை எண்ணி எண்ணித் துயரில் மூழ்கிக் கிடப்பது ஆர்த்த தியானம். இவ்விரண்டும் வினைக்கட்டினையே பெருக்கும். உயிர்கள் இத்தீநெறியினின்று எவ்வாறு மீளும் என்று சிந்திப்பதே தர்ம தியானம். அபாய விசயம் என்பது அதன் ஒரு வகை. ஒரே கவிதையைப் படிப்போர் மூவர் இம்மூன்று நிலைகளையும் எய்தலாம். வேறுபாடு கவிதையில் இல்லை. படிப்பவர் பரிணாமத்தில் உள்ளது.

மேலும், வினை மூவழியில் நிகழும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். கிருதம், காரிதம், அனுமோதனம் என்பன அவை. போர்முனையில் சுட்டவன் செய்தவன். ஆணையிட்டவன் செய்வித்தவன். இல்லத்தில் அமர்ந்து கைதட்டி வழியனுப்பியவனோ தன்னைக் குற்றமற்றவனாக எண்ணுகிறான். ஓவனின் கவிதை பகைவனைச் சாடவில்லை, வீரனையும் பழிக்கவில்லை. உடன்பட்டவனையே அது நோக்குகிறது. படித்து அழுத பின்னும் உடன்பாட்டைக் கைவிடாதவன், அழுதும் பயன் பெறாதவனே.

ஆதிபுராணத்தில் பரதனும் பாகுபலியும் படையுடன் எதிர்நின்ற வரலாற்றை நினைவு கூர்வோம். இருவரும் சரம சரீரர்கள். போரால் அவர்களுக்கு யாதொரு கேடும் வாராது, மாள்வோர் படைவீரரே என்று அமைச்சர்கள் உணர்ந்தனர். எனவே திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்ல யுத்தம் என்னும் மூன்றால் தாமிருவருமே வெற்றியை முடிவு செய்யுமாறு வேண்டினர். பாகுபலி மூன்றிலும் வென்று, வென்ற அரசையும் துறந்தார். பெயரறியாத வீரர் பொருட்டு வாய் திறந்த அவ்வமைச்சரே நமக்கு வழிகாட்டிகள். அவர்கள் கண்ணீர் வடித்து அமையவில்லை, உடன்பாட்டை மறுத்தனர்.

இதனால் படைவீரனை இகழலாகாது. இல்லறத்தான் தற்காப்பின் பொருட்டுச் செய்ய நேரும் விரோத ஹிம்சையை, வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையினின்று நம் நூல்கள் பிரித்தே கூறுகின்றன. ஓவனும் மிலிட்டரி கிராஸ் என்னும் வீரப்பதக்கம் பெற்றவரே. வீரனுக்கு இரங்குவது வேறு. அவனைக் கொல்லும் போரைப் புகழ்வது வேறு.

எனவே இத்தகைய கவிதையைப் படித்தபின் நூலை உடனே மூடிவிடாமல், அன்றைய ஸாமாயிகத்தில் சிறிது நேரம் தன்னைத் தானே வினவுக. பிறர் மகன் மடிந்த செய்தியை வெற்றிச் செய்தியாகக் கேட்டு மகிழ்ந்தேனா? பகைநாட்டாரின் அழிவை நாவாற் பாராட்டினேனா? பிள்ளைகள் முன்னிலையில் அழிவை வீரமென்று புகழ்ந்தேனா? மனம், வாக்கு, காயம் மூன்றாலும் நேர்ந்த அவ்வுடன்பாட்டை ஆலோசித்து விலக்குதலே அக்கவிதையை முற்றப் படித்தலாகும்.

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க!