எது அந்த மணி?

பல செயலிகளின் மேல்மூலையில் ஒரு சிறிய அறிவிப்பு மணி இருக்கும். ஆண்ட்ராய்டில் அதை பிஎன்ஜி படமாகக் கொடுத்தால் ஒரு படம் போதாது. திரைகளின் அடர்த்திக்கேற்ப 24, 36, 48, 72, 96 பிக்சல் என்று ஐந்து படங்கள் வேண்டும். ஐபோனுக்கு இரு மடங்கு, மும்மடங்கு என்று தனிப் படங்கள். இத்தனையில் எது அந்த மணி?

பிளேட்டோ இதற்குச் சட்டென்று பதில் சொல்லியிருப்பார்: எதுவுமில்லை. கணித அறிஞர்கள் ஒரு சதுரத்தை வரைந்தாலும் அவர்கள் சிந்திப்பது வரைய முடியாத சதுரத்தைப் பற்றியே என்று ‘குடியரசு’ நூலில் அவர் வாதிட்டார். அதே மணியை வரைந்து வைத்த வெக்டர் கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்பவருக்கு அந்த வாதம் கண்முன் நிற்பதாகவே தோன்றும். உள்ளே படமே கிடையாது. இங்கிருந்து தொடங்கு, இந்த இரண்டு புள்ளிகள் இழுக்கும் பக்கம் வளைந்து அங்கே போய்ச் சேர் என்ற கட்டளைகள்தான் இருக்கும். இழுக்கும் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் வளைகோட்டின் மேல்கூட இருப்பதில்லை. சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பால் டி காஸ்டெல்ஜோ 1959-இல் உருவாக்கிய கணிதம் இது. போட்டி நிறுவனமான ரெனோவில் பியர் பெசியே தனி வழியில் அதையே எட்டினார்; வளைகோட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் மணியின் விளிம்பு பிசிறடிக்காததற்கு இந்தக் கணிதமே காரணம்.

ஆனால் திரைக்கு வந்ததும் பிளேட்டோவின் கட்சி தளர்கிறது. கைபேசித் திரையில் பிக்சல் புள்ளிகள் மட்டுமே உண்டு. கட்டளை ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் புள்ளிகளாக மாறித்தான் தீர வேண்டும். பொருளை விட்டு வடிவம் தனித்து நிற்காது என்ற அரிஸ்டாட்டிலின் பக்கமே இங்கு நியாயம் அதிகம்.

கட்டளையைப் புள்ளியாக்கும் இந்த மாற்றத்துக்கு ஒரு செலவு உண்டு. அதை யார் ஏற்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமல்ல, அறக்கேள்வியும்கூட. செயலி உருவாக்கும் கட்டமைப்பான டாட்நெட் மாவி, செயலியை உருவாக்கும் கணினியிலேயே எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பை பிஎன்ஜி படங்களாக்கிவிடுகிறது. ஐஓஎஸ்ஸிலும் வழக்கமாக அப்படியே. வெக்டர் தரவு அப்படியே இருக்கட்டும் என்று குறித்தால்தான் அதுவும் கூடவே போகும். ஃப்ளட்டர் என்ற இன்னொரு கட்டமைப்பில் பலரும் எஸ்விஜியை மூல உரையாகவே சேர்த்துவிடுகிறார்கள். அதைப் படித்து அலசும் வேலை பயனரின் கைபேசியின் தலையில் விழுகிறது. வெக்டர் கிராஃபிக்ஸ் என்ற தொகுப்பைப் பயன்படுத்தினால் அந்த அலசல் முன்கூட்டியே முடிந்து, ஒரு பைனரி கோப்பு மட்டும் கைபேசிக்குச் செல்லும்.

விலை குறைந்த கைபேசி வைத்திருப்பவரே இந்தச் செலவை அதிகம் உணர்வார். உருவாக்குபவரின் கணினி ஒரே முறை செய்து முடிக்கக்கூடிய வேலையை ஆயிரக்கணக்கான கைபேசிகள் மீது திரும்பத் திரும்பச் சுமத்துவது நியாயமில்லை.

ஆகவே மூலத்தை வெக்டராகவே ஒரே இடத்தில் வையுங்கள். ஐகான்களை முன்கூட்டியே தொகுத்துக் கொடுங்கள். நூற்றுக்கணக்கான வளைவுகள் கொண்ட முழுத்திரை ஓவியத்தைப் புள்ளிப்படமாக்கி அனுப்புங்கள். வெக்டர் படம் 200க்கு 200 அலகைத் தாண்ட வேண்டாம் என்று ஆண்ட்ராய்டின் சொந்த வழிகாட்டியே பரிந்துரைக்கிறது.