அச்சமும் அமானிதமும்

பொய்யென்று அறிந்தே ஒன்றைப் பரப்புபவன் குற்றவாளி என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால், மெய்யென்று நம்பி, பிறர் நலம் கருதிப் பொய்யைப் பரப்பியவன் குற்றவாளியா? அதனைக் கேட்டு அஞ்சிக் கையோங்கியவன் குற்றவாளியா? இவ்வினாக்களை ஒரு சிறு படத்தின் வரலாறு நம்முன் வைக்கின்றது.

கராச்சி நகரில் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்னும் தொண்டு நிறுவனம், குழந்தைகள் காணாமற்போவதைக் குறித்து ஒரு விழிப்புணர்வுப் படத்தை வெளியிட்டது. தெருவில் சிறுவர்கள் விளையாடுகின்றனர். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கின்றனர். உடனே அவர்களே திரும்பி வந்து, சிறுவனை இறக்கிவிட்டு, கடத்தலுக்கு ஒரு நொடி போதும் என்று எச்சரிக்கும் வாசகத்தை விரித்துக் காட்டுகின்றனர். முழுப்படத்தையும் பார்த்தவர் உள்ளத்தில் தம் பிள்ளையைப் பற்றிய கவனம் பிறக்கும்.

அந்த இறுதிக் காட்சி வெட்டப்பட்டு, 2018-ஆம் ஆண்டு அப்படம் இந்தியாவின் பல மாநிலங்களில் கைப்பேசிகள் வழியே உலவிற்று. பார்த்தவர்க்கு அது நடிப்பாகத் தோன்றவில்லை. அடுத்த தெருவில் நேற்று நடந்த கொடுமையாகத் தோன்றிற்று. சோறூட்டும்போது பாட்டிமார் சொன்ன பிள்ளைபிடிப்பவன் கதைக்குக் கண்கண்ட சாட்சியம் கிடைத்தது போலாயிற்று.

தமிழகத்திலும் அந்நாட்களில் வடநாட்டுக் கும்பல் ஒன்று குழந்தைகளைக் கவர வந்திருப்பதாகக் குரற்பதிவுகள் பரவின. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதிக்குக் குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் காரில் வந்தது. வழி கேட்டனர், அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தனர். அவ்வளவே. பிள்ளை பிடிப்பவர் என்று கூட்டம் துரத்தி அடித்தது. அறுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். குழந்தையிடம் காட்டிய அன்பே அவருக்கு எதிரான சான்றாயிற்று!

கல்வியும் வசதியும் மிகுந்தால் இத்தகைய மயக்கம் நீங்கிவிடும் என்பதற்கில்லை. 2009-இல் இணையப் படப்போட்டி ஒன்றிற்காக ஒருவர் கற்பனையில் படைத்த முகமற்ற உருவம் ஸ்லெண்டர் மேன். அதனை மெய்யென்று நம்பி, 2014-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பன்னிரண்டு வயதுச் சிறுமியர் இருவர் தம் தோழியைக் கத்தியாற் குத்தினர். அவள் உயிர் பிழைத்தாள். 2016-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம் அந்நிகழ்ச்சியை விவரிக்கின்றது. காண்போர், இதையுமா நம்புவார்கள் என வியக்கலாம். அத்திமூரை அறிந்த நாம் அங்ஙனம் வியக்க உரிமையுடையோமா?

செஞ்சியை அடுத்த நம் வல்லத்திலிருந்து சேத்துப்பட்டு வழியே சென்றால் போளூர் தொலைவன்று. செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரும், உறவினரைத் தேடி வருவோரும் இங்கு வழி கேட்பது அன்றாட நிகழ்ச்சி. வழிப்போக்கர்க்குத் தண்ணீரும் திண்ணையும் கொடுத்த மண் இது. ஒரு செய்தி அந்தப் பண்பையே அழிக்குமாயின், அச்செய்தியை ஆராய்வது நம் கடமையன்றோ?

பெற்ற பாசத்தால் அஞ்சினோம் என்பர். பாசம் மெய்யே. ஆனால் நல்லெண்ணம் மட்டும் செய்தியை மெய்யாக்கிவிடாது. இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஓர் அறிவிப்பாளரின் இறையச்சத்தோடு நின்றுவிடவில்லை. அவர் யாரிடம் கேட்டார், அவரைச் சந்தித்ததுண்டா, நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் வினவினர். ஒழுக்கத்தில் உயர்ந்தோராயினும், நினைவிற் குறையுடையோரின் அறிவிப்புகளைப் பலவீனமானவை என ஒதுக்கினர். அவர்களை இழிவுபடுத்துவது நோக்கமன்று. செய்தி ஓர் அமானிதம் என்பதே காரணம்.

நம் கைக்கு வரும் செய்தியும் அத்தகையதே. அனுப்பியவர் மைத்துனராயினும் மச்சானாயினும், அவர் யாரிடம் பெற்றார் என்று கேட்பது அவமதிப்பாகாது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதபடி வரம்பிட்டது. கருவி எண்ணிக்கையைக் குறைக்கலாம். அந்த ஐந்தையும் தடுக்க வேண்டியது நம் மனச்சான்றே.

கையோங்கியவனின் குற்றம் பெரிது. ஆயினும், ஆராயாது அனுப்பியவன் தான் அடிக்கவில்லை என்று கூறித் தப்பவியலாது. அக்கூட்டத்தைத் திரட்டியதில் அவனுக்கும் பங்குண்டு. நம் பிள்ளையைக் காக்கும் பொறுப்பு, வழி கேட்டு வந்த முதியவளைக் காக்கும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை.