நான்கு தலைநகரங்கள் சொல்லும் நல்லுபதேசம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



பூமியில் பயணம் செய்யுங்கள். உங்களுக்கு முன் வாழ்ந்தவர்களின் முடிவு எப்படி ஆயிற்று என்று பாருங்கள் என்ற கருத்தை அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் ஒருமுறை அல்ல, பலமுறை கூறுகின்றான். பயணம் செய்வதோடு அந்த ஏவல் நின்று விடவில்லை. "பாருங்கள்" என்பதும் சேர்ந்தே வருகிறது. கண்ணால் மட்டும் காண்பதையா அது குறிக்கும்? கல்பால் காண்பதையன்றோ குறிக்கும்!

இன்று உம்ராவுக்குச் செல்லும் நம் மக்களில் சிலர், வசதியிருந்தால் மேலும் இரண்டொரு முஸ்லிம் நாடுகளைப் பார்த்து வர விரும்புகிறார்கள். பயண ஏற்பாட்டாளர்களும் குழுக்குழுவாக அழைத்துச் செல்கிறார்கள். அந்நாடுகளுள் ஒன்று மக்ரிபு என்று நம் கிதாபுகள் அழைக்கும் மொராக்கோ. ஃபாஸ், மர்ராகிஷ், ரிபாத், மிக்னாஸ் என்னும் அதன் நான்கு நகரங்களும் வெவ்வேறு காலத்தில் சுல்தான்களின் தலைநகரங்களாக இருந்தவை. போக வசதியுள்ளவர்கள் போகட்டும். போக இயலாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். வீட்டில் அமர்ந்தபடியே அந்த நான்கு ஊர்களையும் ஒருமுறை சுற்றி வருவோம், வாருங்கள்!

ஃபாஸ்: ஒரு பெண்மணியின் வாரிசுச் சொத்து

ஸெய்யிதினா ஹஸன் (ரலி) அவர்களின் வழித்தோன்றல் இத்ரீஸ் இப்னு அப்துல்லாஹ் (ரஹ்). கி.பி. 786-ல் மக்காவுக்கு அருகே ஃபக் என்னுமிடத்தில் அப்பாஸிய்யப் படையால் தம் குடும்பத்தார் கொல்லப்பட்டபோது, அவர் தப்பித்து மக்ரிபுக்கு வந்தார். அங்கிருந்த பர்பர் மக்கள் 789-ல் அவரிடம் பைஅத் செய்தனர். ஃபாஸ் நகருக்கு அவர் அஸ்திவாரமிட்டார். அவருடைய மகனார் இரண்டாம் இத்ரீஸ் அதைத் தலைநகராக வளர்த்தார்.

துனீஸியாவின் கைரவான் நகரிலிருந்து இவ்வூருக்குக் குடிபெயர்ந்தவர்களுள் முஹம்மது அல்ஃபிஹ்ரீ என்ற செல்வரும் ஒருவர். அவர் மௌத்தான பின் அவருடைய சொத்து ஃபாத்திமா, மர்யம் என்ற இரு புதல்வியருக்கு வந்தது. பின்னர் நடந்ததைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கூறியிருப்பதைக் கேளுங்கள். ஃபாத்திமா அம்மையார் தம் பங்கைக் கொண்டு நிலம் வாங்கி, ஹிஜ்ரி 245 (கி.பி. 859) ரமளானில் பள்ளிவாசல் கட்டத் தொடங்கினார். பிறருடைய மண்ணோ கல்லோ சந்தேகத்திற்குரிய முறையில் கலந்துவிடலாகாது என்ற பேணுதலால், தாம் வாங்கிய அதே நிலத்தில் தோண்டிய மண்ணையும் கல்லையுமே பயன்படுத்தினார். கிணறும் அங்கேயே வெட்டினார். கட்டி முடியும்வரை நோன்பு நோற்றார். சகோதரி மர்யமோ ஆற்றின் மறுகரையில் அன்தலுஸ் பள்ளியை எழுப்பினார்.

ஸுப்ஹானல்லாஹ்! அந்தக் கைரவிய்யீன் பள்ளிதான் பின்னர் உலகம் போற்றும் கல்விக்கூடமாயிற்று. 1135-ல் முராபித்துகள் அதைப் பெரிதாக்கினர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்றும் அங்கே பாங்கு ஒலிக்கிறது; ஸஜ்தாவில் நெற்றிகள் படிகின்றன.

இந்த ஊருக்கும் நம் வீடுகளுக்கும் உள்ள உறவைப் பலர் அறிய மாட்டார்கள். நம் மத்ரஸாக்களில் பிள்ளைகளுக்கு நஹ்வு தொடங்கிவைக்கும் ஆஜுரூமிய்யாவை எழுதிய இப்னு ஆஜுரூம் (ரஹ்) ஃபாஸ் நகரத்தவரே. 1323-ல் அங்கே வஃபாத்தானார்கள். நம் தாய்மார்கள் உறையிட்டு வைத்து ஓதிவந்த தலாயிலுல் கைராத்தை இமாம் ஜஸூலி (ரஹ்) அவர்கள் தொகுத்ததும் கைரவிய்யீனின் கிதாபுகளின் துணை கொண்டுதான் என்பர். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வழங்கும் ஃபாஸிய்யத்துஷ் ஷாதுலிய்யா தரீக்காவின் பெயரில் உள்ள "ஃபாஸ்" இந்த நகரம்தான்.

இன்னுமொன்று. பதினான்காம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய இப்னு பதூதா, இலங்கையில் ஆதம் மலை ஏறி, நம் மதுரை சுல்தானின் அவையையும் கண்டவர். அவர் இறுதியில் சொந்த நாடு திரும்பி, தம் பயணக் கதையைச் சொல்லி எழுதுவித்து முடித்தது 1355-ல், ஃபாஸ் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி. மதுரை சுல்தான் தம் சகலை என்றபோதிலும், அவர் இழைத்த கொடுமைகளை மறைக்காமல் கண்டித்தே சொல்லியிருக்கிறார். பயணியின் கண் அப்படி இருக்க வேண்டும்!

மர்ராகிஷ்: 117 ஆண்டு நின்ற மாளிகை

இனித் தெற்கே மர்ராகிஷுக்குப் போவோம். 1070-ஐ ஒட்டி முராபித்துகள் நிறுவிய ஊர் இது. ஸ்பெயின் முஸ்லிம்களுக்கு உதவியாகக் கடல் கடந்து சென்று 1086-ல் ஸல்லாகாப் போரில் வென்ற யூஸுஃப் இப்னு தாஷிஃபீன் (ரஹ்) இங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். இரு கண்டங்களை ஆண்ட அவர்கள் கம்பளியாடை உடுத்தி, வாற்கோதுமை ரொட்டியும் ஒட்டகப் பாலும் இறைச்சியும் உண்டு வாழ்ந்ததாக வரலாறு கூறுகிறது.

சற்றுத் தொலைவில் சுமார் 77 மீட்டர் உயரத்தில் நிற்கிறது குத்துபிய்யா பள்ளியின் மினாரா. கிதாபு விற்பவர்கள் அதைச் சூழக் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர். பள்ளிவாசலைச் சுற்றிக் கிதாபுக் கடைகள் இருந்த காலமும் இருந்தது, சகோதரர்களே!

அதே ஊரில் இன்னொரு கட்டடம் இருக்கிறது. 1578-ல் வாதில் மகாஸின் போரில் போர்ச்சுகல் படை தோற்றது. மூன்று மன்னர்கள் ஒரே நாளில் மாண்ட போர் அது. ஆட்சிக்கு வந்த ஸஅதீ சுல்தான் அஹ்மது அல்மன்ஸூர், கைதிகளை மீட்க வந்த பணத்தையும் கொண்டு ஒரு மாளிகை கட்டினார். இத்தாலிய சலவைக்கல் வந்தது. கல்லின் எடைக்கு எடை சர்க்கரை கொடுத்தாராம்! அரண்மனைக்கு "அல்பதீஉ" என்று பெயர் சூட்டினார். வானங்களையும் பூமியையும் முன்மாதிரியின்றிப் படைத்தவன் என்று அல்பகரா சூராவில் அல்லாஹ் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சொல்லே அது.

கட்டி முடித்து விருந்து வைத்தபோது, வந்திருந்த ஒரு விகடனிடம் எப்படியிருக்கிறது என்று சுல்தான் கேட்டாராம். இடிந்து விழும்போது பெரிய மண்மேடாக இருக்கும் என்றானாம் அவன். அவையோர் திகைத்தனர். நடந்தது என்ன? பின்னால் வந்த சுல்தான் இஸ்மாயீல், தம் ஊரான மிக்னாஸுக்காக அந்த மாளிகையை உரித்தெடுத்தார். ஹிஜ்ரி 1002-ல் முடிந்த அல்பதீஉ, 1119-ல் இடிக்க உத்தரவாயிற்று. ஆக 117 ஆண்டுகள். அப்ஜத் கணக்கில் "அல்பதீஉ" என்ற சொல்லின் எண்ணிக்கையும் 117 என்பதை அந்நாட்டு வரலாற்றாசிரியர் இஃப்ரானீ எடுத்துக்காட்டி வியந்திருக்கிறார். எண்கள் மார்க்கத்தில் ஆதாரமாகா. ஆயினும் படிப்பினை படிப்பினைதான். இன்று அந்த மொட்டைச் சுவர்களின்மேல் நாரைகள் கூடு கட்டி வாழ்கின்றன!

அதே சுல்தான் மன்ஸூர்தான் 1591-ல் திம்பக்து நாட்டின்மேல் படையனுப்பினார். அங்கிருந்த மாபெரும் ஆலிம் அஹ்மது பாபா (ரஹ்) சங்கிலியிடப்பட்டு 1594-ல் மர்ராகிஷுக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய 1,600 கிதாபுகள் பறிபோயின. விடுதலையான பின் அவரை அவைக்கு அழைத்த சுல்தான், திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். ஆலிம் என்ன செய்தார்? அல்லாஹ்தான் வஹீயின் மூலமோ திரைக்கு அப்பாலிருந்தோ மனிதரிடம் பேசுவதாகக் குர்ஆனில் கூறியிருக்கிறான். தாங்கள் ரப்புக்கு ஒப்பாக விரும்புகிறீர்களா? என்னிடம் பேச வேண்டுமானால் திரையை நீக்குங்கள் என்னும் கருத்தில் பதிலளித்தார். சுல்தான் வெளியே வந்தார்! மாளிகை மண்ணாகிவிட்டது. அந்த ஆலிமின் சொல் இன்றும் மஜ்லிஸ்களில் பேசப்படுகிறது.

அஷ்ஷிஃபா என்னும் நூலைத் தந்த காழி இயாழ் (ரஹ்), தலாயிலுல் கைராத்தின் இமாம் ஜஸூலி (ரஹ்) ஆகியோரும் இந்நகரில்தான் அடங்கியுள்ளார்கள். அங்கு ஸியாரத் செய்பவர்கள் நாயகத்தின்மீது ஒரு ஸலவாத்தேனும் நிறைவான உள்ளத்தோடு சொல்லி வரட்டும்.

மிக்னாஸ்: பிடுங்கிய கல்லால் எழுந்த நகரம்

1672 முதல் 1727 வரை 55 ஆண்டுகள் ஆண்டவர் சுல்தான் இஸ்மாயீல். மிக்னாஸைச் சுற்றி அவர் எழுப்பிய மதில்கள் 40 கிலோமீட்டருக்கும் மேல். வானளாவும் வாயில்கள், களஞ்சியங்கள், குதிரை லாயங்கள்! அல்பதீஉ மாளிகையிலிருந்தும், பழைய ரோமானிய நகரான வலீலியின் இடிபாடுகளிலிருந்தும் தூண்கள் பிடுங்கிக் கொண்டுவரப்பட்டன.

பிடுங்கியது கல்லை மட்டுமா? தம் படைக்கு ஆள் சேர்க்க, சுதந்திர மனிதர்களாக வாழ்ந்த கறுப்பு நிற முஸ்லிம்களையும் அடிமைகள் என்று பதிவேட்டில் எழுதச் செய்தார். அது ஷரீஅத்துக்கு ஏற்றதே என்று உலமாக்கள் ஒப்பமிட வேண்டும் என்றார். ஃபாஸ் நகரின் ஆலிம் அப்துஸ் ஸலாம் ஜஸ்ஸூஸ் (ரஹ்) மறுத்துவிட்டார். சொத்து பறிக்கப்பட்டது, சிறை வந்தது, 1709-ல் அவர் உயிரையே எடுத்தார்கள். சுதந்திரமான ஒரு முஸ்லிமை அடிமை என்று எழுதும் தாளில் என் பேனா படாது என்று நின்ற அந்த மனிதரின் பெயரைச் சுற்றுலா வழிகாட்டி சொல்வாரோ, மாட்டாரோ! நாம் அறிந்துகொள்ள வேண்டும். எழுதத் தெரிந்தவனுக்கு எழுத மறுப்பதும் ஒரு இபாதத்தாகும் நேரம் உண்டு.

சுல்தான் மறைந்த பின் அவருடைய மக்கள் முப்பதாண்டு காலம் அரியணைக்காக அடித்துக்கொண்டனர். 1755-ல் பூகம்பம் வந்து நகரைக் குலுக்கியது. அடுத்து வந்தவர் தலைநகரையே மர்ராகிஷுக்கு மாற்றிவிட்டார்.

ரிபாத்: முடியாத மினாரா

இன்றைய தலைநகர் ரிபாத்தில் சதுரமான ஒரு மினாரா பாதியில் நிற்கிறது. முவஹ்ஹித் சுல்தான் யஃகூப் அல்மன்ஸூர், உலகின் மிகப் பெரிய பள்ளிகளுள் ஒன்றாக்க எண்ணித் தொடங்கியது. 1199-ல் மௌத் வந்தது. 44 மீட்டரில் வேலை நின்றது. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மினாரா அப்படியே நிற்கிறது. 1755-ன் பூகம்பத்துக்குத் தப்பிய தூண்கள் அதன் முன்னே வரிசையாக இருக்கின்றன.

அந்தச் சுல்தானின் நிய்யத்துக்கு அல்லாஹ் கூலி தருவானாக! ஆனால் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். உலகாண்ட மன்னருக்கே "பிறகு முடிக்கலாம்" என்ற அவகாசம் கிடைக்கவில்லை. "மகள் கல்யாணம் முடியட்டும், பிறகு ஸகாத் கணக்குப் பார்ப்போம், வீட்டு வேலை முடியட்டும், பிறகு ஹஜ்ஜைப் பற்றி நினைப்போம்" என்கிறோமே, நமக்கு மட்டும் யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

2023 செப்டம்பர் 8 இரவு மர்ராகிஷுக்குத் தெற்கே மலைகள் குலுங்கின. 2,900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முவஹ்ஹித்துகளின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தீன்மல் பள்ளியும் பெரிதும் இடிந்தது. கட்டியவரின் உறுதியைக் கொண்டு எதுவும் நிற்பதில்லை. அல்லாஹ் நிறுத்திவைக்கும் வரையே நிற்கிறது.

புறப்படுவோருக்குச் சில மஸ்அலாக்கள்

முதலில் நிய்யத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள். வெறுமனே ஊர்களைப் பார்ப்பது மட்டுமே நோக்கமாயிருந்தால், அது கஸ்ருக்குத் தகுந்த நோக்கமல்ல என்பதே பலமான சொல் என ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஸியாரத், கல்வி, வியாபாரம் போன்றவை சரியான நோக்கங்கள். ஒரு நிய்யத் தொழுகையின் சட்டத்தையே மாற்றுகிறது, கவனித்தீர்களா?

ஓர் ஊரில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈகள் கஸ்ரு செய்யக்கூடாது. ஹனஃபீகளுக்குப் பதினைந்து நாட்கள். அவ்வூர் இமாமின் பின்னால் தொழுதால் முழுமையாகவே தொழ வேண்டும். மஃரிபிலும் ஸுப்ஹிலும் கஸ்ரு இல்லை. மற்ற விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே மாலிக்கீ மத்ஹபு நடைமுறையில் உள்ளது. தொழுகையில் பலர் கைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். வர்ஷ் ரிவாயத்தில் ஓதுவார்கள். கண்டு குழம்பவும் வேண்டாம், தர்க்கிக்கவும் வேண்டாம். சுற்றுலாக் குழுக்களைப் பள்ளியின் வாசலோடு திருப்பி அழைத்து வருவது அங்கு வழக்கம். பெரும்பாலான பள்ளிகளுக்குள் முஸ்லிமல்லாதோர் போவதில்லை. நீங்கள் முஸ்லிம் என்று சொல்லி உள்ளே சென்று இரண்டு ரக்அத் தொழுங்கள். கைரவிய்யீன் வாசல்வரை போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்புவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

நம் வீட்டுக் கணக்கு

சகோதரர்களே! தாய்மார்களே! மனிதன் மௌத்தானதும் அவனுடைய அமல்கள் துண்டிக்கப்படுகின்றன. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்று மட்டும் நிற்பதில்லை என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். நாம் கண்ட நான்கு நகரங்களையும் இந்த ஹதீஸின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் வாரிசுச் சொத்து நிலையான தர்மமாயிற்று. இப்னு ஆஜுரூமின் சிறு கிதாபு பயன் தரும் கல்வியாயிற்று. 55 ஆண்டு ஆண்ட சுல்தானின் பிள்ளைகளோ சண்டையில் அழிந்தனர்.

வெளிநாட்டில் வெயிலில் உழைத்த பணத்தைக் கொண்டு ஊரில் சலவைக்கல் பதித்துக் கட்டிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அதே தெருவில் மக்தபு மத்ரஸாவின் கூரை ஒழுகுகிறது. தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தில் சகோதரிக்குரிய பங்கைக் கொடுக்காமல் அமுக்கி வைத்திருப்போரும் நம்மிடையே உண்டு. அல்ஃபிஹ்ரீ குடும்பத்தில் அப்படி நடந்திருந்தால் கைரவிய்யீன் ஏது? பெண்ணுக்குரிய பங்கை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள். அவளைக் கொண்டு அல்லாஹ் எதை எழுப்ப நாடியிருக்கிறானோ, யாரறிவார்!

இந்த மாதமே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுங்கள். ஹலாலான பணத்தில் சிறிதளவேனும் வக்ஃபாக ஆக்குங்கள். ஒரு பிள்ளையின் ஓதலுக்கு ஆகும் செலவாக இருந்தாலும் சரியே.

வல்ல ரஹ்மான் நம்மை இடிபாடுகளைக் கண்டு படிப்பினை பெறுவோராகவும், நிலைத்து நிற்கும் நன்மைகளைச் செய்வோராகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.