நன்றாகத் தெரிகிற கண்

சின்ன வயதிலிருந்தே கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு தெம்பு உண்டு. கழற்றினால் எல்லாம் கலங்கல், மாட்டினால் தெளிவு. ஆகவே கண்ணில் உள்ள குறை என்ன என்பது நமக்குத் தெரியும், அதற்கான மருந்தும் மூக்கின் மேலேயே இருக்கிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டுக்கு மேல். பலகையில் கடைசி வரியைப் படித்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்றுதான் ஏறக்குறைய ஐம்பது வயதுவரை வாழ்ந்தேன். கண் நீர் அழுத்த நோய் தொடங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்றும் கடைசி வரியைப் படித்திருந்தேன்.

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்ணின் நீளம். பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக 23, 24 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே பவர் இரண்டரை, மூன்று என்று மைனஸில் ஏறிவிடும். 26ஐத் தாண்டிய கண்ணை உயர் கிட்டப்பார்வையில் சேர்க்கிறார்கள். கண்ணாடி ஒளியைச் சரியான இடத்தில் விழவைக்கிறது. நீண்ட கண்ணைக் குறுக்குவதில்லை. நீண்டுபோன கண்ணின் சுவர் இழுபட்டு மெலிந்திருக்கும். பின்பக்கம் பார்வை நரம்பு வெளியேறும் வாசலில் சல்லடைபோல் ஒரு மெல்லிய தகடு. ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பிழைகள் அதன் துளைகள் வழியே மூளைக்குப் போகின்றன. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறினால் இழைகள் நசிவது அங்கேதான். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அந்த வாசலே இழுபட்டுச் சாய்ந்திருப்பதால், பிறர் கண் தாங்குகிற அழுத்தத்தை நம் கண் தாங்காமல் போகலாம். அழுத்தம் 10 முதல் 21 வரை என்கிற வழக்கமான அளவுக்குள் இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் இருக்கிறார்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இந்த நோய் இருக்கும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு என்று ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் ஆய்வு 1999இல் சொன்னது.

நோய் பெரும்பாலும் ஓரத்திலிருந்து வருகிறது. ஒரு கண் விட்டதை மறுகண் பிடித்துக்கொள்ளும். இரண்டும் விட்டதை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். கறுப்பாக எதுவும் தெரியாது. எழுத்துப்பலகையோ நடுப்பார்வையை மட்டும் கேட்கிறது. தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. அதில் பரவலான வகைக் கண் நீர் அழுத்த நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. இந்த நோயைக் கண்புரையோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் நம்மிடம் அதிகம். புரையை எடுத்தால் போன பார்வை திரும்பும். செத்த நரம்பிழை திரும்பாது.

பார்வையின் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும். இருட்டறையில் ஒரு கண்ணை மூடி, முகவாயைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் பார்க்க வேண்டும். அங்கங்கே பொட்டாக ஒளி தோன்றும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். "நடுவுல இருக்கிற வெளிச்சத்தையே பாருங்க சார், தேடிப் போகாதீங்க" என்பார் சோதனை செய்யும் பெண். தேடாமல் இருப்பதுதான் கடினம். சில நொடி எதுவும் தெரியாவிட்டால் நெஞ்சு படபடக்கும்; இல்லாத ஒளிக்கெல்லாம் அழுத்தத் தோன்றும். எவ்வளவு மங்கலான ஒளிவரை ஒரு இடம் பார்க்கிறது என்று தேடுகிற சோதனை அது; நல்ல கண்ணுக்கும் ஏறக்குறைய பாதி ஒளிகள் தெரியாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். இதை உள்ளே அனுப்பும் முன் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம். வியர்த்துப்போய் வெளியே வருகிற வயதானவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது தோன்றும்.

"எனக்குக் கிட்டப்பார்வை இவ்வளவு இருப்பதால் இது வேகமாக முற்றுமா டாக்டர்?" என்று கேட்டேன். நேர்மையான பதில் வந்தது: "சொல்ல முடியாது." கிட்டப்பார்வை இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. வந்த பிறகு அதை விரைவுபடுத்துகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலருக்குக் கடகடவென்று முற்றுகிறது. கிட்டப்பார்வையுள்ள இளைஞர்கள் சிலருக்கோ, நரம்பும் ஃபீல்டும் நோயாளியுடையதுபோலவே இருந்தும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. சாய்ந்த நரம்பு முகப்பு நோய் இல்லாமலே நோய்முகம் காட்டும். நரம்பைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவி நம் கண்ணைச் சாதாரணக் கண்களோடு ஒப்பிட்டுச் சிவப்பு அடித்துவிடும். அந்தச் சிவப்பு நோயாகவும் இருக்கலாம், கண்ணின் நீளமாகவும் இருக்கலாம். ஆகவே என் கண்ணை ஊரார் கண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. போன வருடத்து என் கண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு பெரிய நிபுணராலும் தீர்க்க முடியாத கேள்வி இது. பழைய ஸ்கேனும் ஃபீல்டுத் தாளும் பத்திரமாக இருந்தால்தான் அவருக்கும் வழி தெரியும்.

இதற்கிடையே அழுத்தத்தைக் குறைக்க இரவில் சொட்டு மருந்து. விட்டபின் இமையை மூடி, மூக்கோரம் கண் முனையை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மருந்து தொண்டைக்கு இறங்கும். நம் வீடுகளில் மருந்து என்றால் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: காய்ச்சல் இறங்க வேண்டும், இருமல் நிற்க வேண்டும். இங்கே வலியே இல்லை, தீர்வதற்கு. விட்டாலும் நேற்றைப்போலத்தான் தெரிகிறது, விடாவிட்டாலும் அப்படித்தான். நிறையப் பேர் பாதியில் நிறுத்துவதன் காரணம் எனக்குப் புரிகிறது. அழுத்தம் ஒரு புள்ளி குறைந்தாலே நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று ஸ்வீடனில் நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. அந்தக் குறைவை ஒருநாளும் என்னால் உணர முடியாது. உணர முடியாத ஒன்றுக்காகத் தினமும் ஒன்றைச் செய்ய என்ன வேண்டும்? பயம் வேண்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பயம் நாலு மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. பலனைக் கேட்காமல் செய்கிற வேலைகள் நம்மிடம் வேறும் உண்டு, வாசல் தெளிப்பதுபோல. இதையும் அவற்றோடு சேர்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு நிலைத்தது.

இன்னொரு பாதி வேலை குடும்பத்தில். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு பல மடங்கு என்பதால் சொல்லியே ஆக வேண்டும். தங்கையிடம் சொன்னேன். "நான் காட்டிக்கிறேன் அண்ணா, ஆனா இதை மாப்பிள்ளை வீட்டுல பேசிடாதே" என்றாள். அவள் மகளுக்கு மைனஸ் ஏழு. நிச்சயத்துக்கு முன்பே லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். புகுந்த வீட்டுக்கு அவள் கண்ணாடி போட்டவள் என்பதே தெரியாது. லேசர் கருவிழியைச் செதுக்கிப் பவரை மாற்றுகிறது. பின்னால் கண் அதே நீளத்தில்தான் இருக்கிறது, அதே ஆபத்தோடு. மெலிந்த கருவிழியில் வைத்து அழுத்தம் பார்த்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். முன்பு மைனஸ் ஏழு இருந்தது என்று தெரியாத மருத்துவர், பிரஷர் 14தான், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக்கூடும். கண் சிவந்தால் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுகிற வழக்கமும் அந்த வீட்டில் இருக்கிறது. அந்த மருந்து சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். உயர் கிட்டப்பார்வைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கண்ணாடியை மறைக்கிறோம் என்று நினைத்து ஒரு பெண்ணின் நோய்க்கதையையே மறைத்துவைக்கிறோம். அது எனக்கு ஆறவேயில்லை.

"சம்பந்தி வீட்டில் நான் எதுவும் சொல்லமாட்டேன், டாக்டரிடம் அவள் சொல்லியாக வேண்டும்" என்று தங்கையிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். லேசர் செய்த இடத்தில் சிகிச்சைக்கு முந்தைய பவரும் கருவிழியின் தடிமனும் எழுதிய தாள் இருக்கும். அதன் நகலை வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி மருமகளுக்குப் போன் செய்தேன். நரம்பைப் படம் எடுத்துப் பார்க்கும்படியும் சொன்னேன். "எதுக்கு மாமா, நல்லாத்தானே தெரியுது?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது என்றேன். அடுத்த வாரம் போவதாக ஒப்புக்கொண்டாள்.