சவரப் பிரஷும் சாவக நோன்பும்



தருமபுரி மாவட்டத்து ஏரியூரில் பணியின் பொருட்டுக் குடியிருக்கும் நம் சமூகக் குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு வினா வந்துள்ளது. பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கு அண்மையில் உள்ள ஊர் அது. வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் வாழ்வோர்க்கு வாய்த்தது போல், காலையில் எழுந்து சென்று வணங்க ஜினாலயமோ, ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளியப் பெரியோரோ அங்குப் பக்கத்தில் இல்லை. எனினும் அந்நிலம் நம் அறத்திற்குப் புதிதன்று. இன்றைய தருமபுரியே பண்டைய தகடூர். அவ்வூரில் 9ஆம் நூற்றாண்டில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், வணிகர் மரபினர் இருவர் சமணப் பள்ளி எடுப்பித்த செய்தியைக் கல்வெட்டு இன்றும் கூறிக்கொண்டிருக்கிறது.

வினா சிறியது. வீட்டுத் தந்தையார் நெடுங்காலமாக மயிரால் ஆன ஷேவிங் பிரஷைப் பயன்படுத்தி வருகிறார். அது தேய்ந்தமையால் மகன் புதியது வாங்கச் சென்றார். கடைக்காரர் இரண்டினை எடுத்து வைத்தார். ஒன்று 'இயற்கை மயிர்' என்று அச்சிட்டது. மற்றொன்று செயற்கை இழையால் ஆனது. மகன் செயற்கையை வாங்கி வர, தந்தையாருக்கு அது உடன்பாடாகவில்லை. "பிளாஸ்டிக் மண்ணுக்கும் நீருக்கும் பகை, இயற்கைப் பொருளே நம் நெறிக்கு ஏற்றது" என்பது அவர் கட்சி. "அந்த இயற்கை எந்த உயிரின் உடம்பிலிருந்து வந்தது?" என்பது மகனின் கேள்வி. இருவர் பேச்சிலும் அறத்தின்மேல் கொண்ட அக்கறையே தெரிகிறது. ஆகவே இதனைச் சிறு பொருளென ஒதுக்காமல் ஆராய்வோம்.

முதலில் அம்மயிர் வரும் வழியைக் காண்போம். கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மயிர்ப் பிரஷ்களில் பெரும்பாலானவை பன்றி மயிரால் ஆனவை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் முதலே கான்பூர் பன்றி மயிர் வாணிகத்திற்குப் பேர்பெற்ற ஊர். வெட்டப்பட்ட பன்றியின் தோலிலிருந்து மயிர் எடுப்பதும் உண்டு; உயிரோடு கட்டிப் போட்டுப் பறிப்பதும் உண்டு. பின்னது கேட்கவே நெஞ்சு நடுங்கும் செயலாகும். விலை உயர்ந்த பிரஷ்கள் 'பாட்ஜர்' என்னும் விலங்கின் மயிரால் ஆனவை. பகலில் நிலத்தடி வளையில் குடும்பமாக உறங்கி, இரவில் இரை தேடும் சாதுவான பிராணி அது. உலகச் சந்தைக்கு வரும் அதன் மயிரில் பெரும்பகுதி சீன நாட்டினது. 2018ஆம் ஆண்டில் பீட்டா அமைப்பு அந்நாட்டுப் பண்ணைகளில் எடுத்த படங்களை வெளியிட்டது. சிறு கூண்டுகளில் அடைபட்டு, அடித்துக் கொல்லப்படும் அவ்வுயிர்களைக் கண்ட பின்னர், மேலை நாட்டு நிறுவனங்கள் சில அம்மயிரை விலக்கின. பன்றியாயினும் பாட்ஜராயினும் ஐம்பொறியும் மனமும் உடைய உயிரே. குதிரையின் பிடரி மயிரையும் வால் மயிரையும் கத்தரித்துச் செய்யும் பிரஷ்களும் உள. அவற்றில் கொலை நேராதிருக்கலாம். ஆனால் பொட்டலத்தைப் பார்த்து அதனை அறிய வழியில்லை.

"நாமா கொன்றோம்? கடையில் இருந்ததை வாங்கினோம்" என்று கூறுவோர் உளர். நம் ஆகமம் இச்சொல்லை ஏற்பதில்லை. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் வினை வந்து சேரும் வாயில்களை எண்ணிக் காட்டுகிறது. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், பேராசை எனக் கஷாயம் நான்கு. இவற்றைப் பெருக்கினால் வருவது 108. ஜபமாலையை உருட்டும் விரல்கள் ஒவ்வொரு நாளும் தொடும் எண் இது. காசு கொடுத்து வாங்குவோன் செய்வித்தல், உடன்படுதல் என்னும் இரண்டிலும் நிற்கிறான். திருக்குறளின் புலான் மறுத்தல் அதிகாரத்திலும், உண்பதற்கு வாங்குவோர் இல்லையாயின் விலைக்கு ஊன் தருவோரும் இல்லை என்னும் கருத்து உண்டு. ஊனுக்குச் சொன்னது மயிருக்குப் பொருந்தாது போகுமா?

இங்கே ஒரு தடை எழும். நம் முனிவர்களின் கையில் மயிற்பீலி இருக்கிறதே, அதுவும் ஓர் உயிரின் உடற்பொருள்தானே என்பர். இது புதிய தடையன்று. நீலகேசியில் ஊனுணவு பற்றிப் பௌத்தரோடு நிகழும் வாதத்திலேயே பீலியைக் காட்டி வினவும் இடம் உண்டு. மயில் ஆண்டுதோறும் தன் தோகையைத் தானே உதிர்க்கிறது. உதிர்ந்தது நிலத்தில் கிடக்கிறது. எடுப்பதால் மயிலுக்கு இழப்பில்லை. அப்பீலியும் அழகுக்காக ஏந்தப்படுவதன்று. அமரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் உள்ள சிற்றுயிர்களை மெல்ல விலக்கிக் காப்பதற்கே உரியது. ஆக, ஒரு பொருள் விலங்கிடமிருந்து வந்ததா என்று கேட்பதோடு நில்லாமல், உதிர்ந்ததா, பறிக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். பன்றியும் பாட்ஜரும் தம் மயிரைப் பிரஷுக்காக உதிர்த்துத் தருவதில்லை.

மயிர் பறித்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவது கேசலோசம். முனிவர்க்குரிய 28 மூலகுணங்களுள் ஒன்று அது. இரண்டு மாதத்திற்கு ஒரு முறை செய்வது உத்தமம், மூன்று மாதம் மத்திமம், நான்கு மாதம் கடைநிலை என வகுத்துள்ளனர். அன்று உபவாசம் இருந்து, தலைமயிரையும் முகமயிரையும் தம் கையாலேயே களைவர். கத்தி வைத்திருந்தால் அது உடைமையாகும். நாவிதரை நாடினால் பிறரைச் சார்தலாகும். வளரவிட்டால் பேன் முதலிய உயிர்கள் தோன்றி நலியும். இம்மூன்றையும் தவிர்க்க, நோவைத் தாமே ஏற்கின்றனர். ஜினாலயத்து விழாக்களில் இக்காட்சியைக் கண்டு கண்ணீர் மல்க நின்ற இல்லறத்தார் நம்முள் பலர். மறுநாள் காலையில் பிறிதோர் உயிருக்கு அந்நோவைத் தந்து பெற்ற மயிரால் கன்னத்தில் நுரை தேய்ப்பது அவர்களுக்கு ஒவ்வுமா?

இனித் தந்தையாரின் கட்சிக்கு வருவோம். அதில் உண்மை உண்டு. நைலான் போன்ற இழைகள் நிலத்தடி எண்ணெயின் வழி வருபவை. மண்ணில் எளிதில் மக்குவதில்லை. காவிரிக்கு அண்மையில் வாழ்வோர்க்கு, ஆற்றில் எறியும் பிளாஸ்டிக் மீனுக்கும் ஆமைக்கும் கேடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இம்சையை நம் நூலோர் நான்காகப் பிரித்தனர்: கருதிச் செய்யும் சங்கல்பி, இல்லற வேலைகளில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்தியோகி, தற்காப்பில் நேரும் விரோதி. இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டியது முதலாவதை. ஏனையவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மயிருக்காக ஒரு விலங்கைக் கொல்வது சங்கல்பி. செயற்கை இழையின் தொழிற்சாலையிலும் கழிவிலும் நேரும் தீங்கு பின்னவற்றைச் சேர்ந்தது. அதனை நம் கையால் குறைக்கவும் இயலும். செயற்கைப் பிரஷைப் பயன்படுத்தியதும் கழுவி உதறி, மயிர்முனை கீழ்நோக்கத் தொங்கவிட்டால் விரைவில் உலர்ந்து பல ஆண்டு உழைக்கும். ஒன்றை வாங்கி நெடுநாள் வைத்திருப்பது அபரிக்கிரகத்திற்கும் ஏற்றது. அதுவும் வேண்டாம் என்பவர்க்கு விரல் இருக்கிறது. கிரீமை ஈரக் கன்னத்தில் விரலால் தேய்த்தாலே போதிய நுரை வரும். நமக்கு மிகவும் பிடித்த வழி அதுவே.

'இயற்கை' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம் என்பதற்கு வரலாற்றிலும் சான்றுண்டு. முதல் உலகப் போரின்போது பாட்ஜர் மயிர் கிடைப்பது அருகி, சரிவரத் தூய்மை செய்யாத குதிரை மயிரால் பிரஷ்கள் செய்யப்பட்டன. அவற்றின் வழியே, கால்நடைகளுக்கு வரும் அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிப்பாய்களையும் பொதுமக்களையும் பற்றியது, பலர் மாண்டனர். பல் துலக்கும் பிரஷ்களும் ஒரு காலத்தில் பன்றி மயிரால் ஆனவையே. 1938இல் நைலான் பிரஷ் விற்பனைக்கு வந்த பின்னரே அவ்வழக்கம் மாறத் தொடங்கியது. ஆலும் வேலும் ஒடித்துப் பல் துலக்கிய நம் முன்னோர் அந்தத் தொல்லையே அறியார்!

வாங்கியது எது என ஐயமிருப்பின் ஓர் இழையைப் பிடுங்கித் தீயில் காட்டலாம். மயிர் சுருண்டு கருகி, முடி பொசுங்கும் நாற்றம் வீசும். விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகிச் சிறு உருண்டையாகக் கெட்டிப்படும்.

தந்தையாரின் பழைய பிரஷை என்ன செய்வது என்றும் கேட்டுள்ளனர். அறியாக் காலத்தில் வாங்கியது அது. குப்பையில் எறிவதால் அவ்வுயிர் மீளப்போவதில்லை. அதற்காக மகன் தந்தையாரிடம் வாதாடவும் வேண்டாம். அவரே மனம் ஒப்பி விடும் நாளில் பிரதிக்கிரமணத்தில் அதனையும் நினைந்து விடட்டும். இனி ஒன்று அவ்வகையில் வாங்காதிருந்தால் போதும்.

ஆனால் அவ்வீட்டிலும் பிற வீடுகளிலும் சிறுவர்களின் புத்தகப் பையை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம். ஓவியப் பிரஷ்களில் கீரி மயிரால் ஆனவை உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 கீரியைக் காக்கிறது. எனினும் அதனைக் கொன்று பிரஷ் செய்யும் வாணிகம் மறைவாக நடந்து வந்தது. 2019இல் மத்திய அரசின் வன உயிரினக் குற்றத் தடுப்புத் துறையினர் 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனையிட்டனர். பிரஷ் தொழிலுக்குப் பேர்பெற்ற உத்தரப் பிரதேசத்து ஷெர்கோட்டும் அவற்றுள் ஒன்று. கருமையும் வெளுப்பும் மாறி மாறி வரும் மயிருடைய பிரஷ் பிள்ளையின் கையில் இருக்குமாயின், அதனை அன்போடு வாங்கி வைத்துவிட்டு, நைலான் இழைப் பிரஷ் ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.